வளர்பிறை எனக்கு, தேய்பிறை அவனுக்கு

ஆமா சார், அந்தக் கருகல் வாடை என் மடியிலேர்ந்துதான் வருது. நீங்க ஜன்னலத் தொறந்து வச்சும் போவல பாருங்க. கோணிச்சாக்குல சுத்தி, அதுக்கு மேல பழைய வேட்டியச் சுத்திக் கொண்டாந்திருக்கேன், அப்பவும் வருது. பயப்படாதீங்க, டிராக்டர் கிளட்ச் பிளேட்டுதான். சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு இருக்கும். எரிஞ்சு போனது. எரிச்சவன் என் கூடப் பொறந்த தம்பி மாணிக்கம். இத எங்க பெரியக்கா முன்னாடி கொண்டுபோய் வைக்கப் போறேன். இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள அந்த வண்டி எனக்கா அவனுக்கான்னு முடிவாயிடும். எனக்குத்தான், அதுல சந்தேகம் கிடையாது. இருந்தாலும் நாலு பேரு முன்னாடி முடிவாவணும்ல.

நீங்க தஞ்சாவூரா? நான் வடுவூர்ல இறங்கிடுவேன். அக்காவ அங்கதான் கட்டிக்குடுத்திருக்கு. நாங்க கோட்டூர் பக்கம். உங்களுக்கு வெவசாயம் உண்டா? இல்லியா. அப்ப கொஞ்சம் வெவரமாவே சொல்றேன். மன்னார்குடிலேர்ந்து இந்த பஸ்ஸு ஊர்ந்துதானே போவுது, சொல்லி முடிச்சுடலாம்.

அப்பா வாங்குன வண்டி சார் அது. நானும் மாணிக்கமும் மீசை மொளைக்கிறதுக்கு முன்னாடியே வீட்டுக்கு வந்துச்சு. அப்பா போனதும் நெலத்தப் பிரிச்சோம், வரப்பு போட்டோம், வீட்டுக்கு நடுவுல செவுரு எழுப்புனோம். மாடா இருந்தா ஆளுக்கு ஒண்ண ஓட்டிக்கிட்டுப் போயிருப்போம். வண்டிய நடுவுல அறுக்க முடியுமா? அக்காதான் வந்து சொன்னுச்சு, வளர்பிறை பெரியவனுக்கு, தேய்பிறை சின்னவனுக்குன்னு. அமாவாசைக்கு ஒருத்தன் களத்துக் கொட்டகையில நிறுத்திட்டு சாவிய ஆணியில மாட்டிட்டுப் போவணும், இன்னொருத்தன் எடுத்துக்கணும். பௌர்ணமிக்கு மறுபடி கைமாறணும். அதோட ஒரு சட்டம். எவன் முறையில எது கெட்டாலும் அவன்தான் சரி பண்ணி, ஓடுற வண்டியா நிறுத்தணும். இந்தச் சட்டத்தச் சேக்கச் சொன்னது நான். மாணிக்கம் கையில ஒரு பொருளு போனா எந்த லட்சணத்துல திரும்பி வரும்னு எனக்குத் தெரியாதா?

அவனும் நானும் பேசிக்கிறது இல்ல. அதையும் சொல்லிடுறேன், அப்பதான் உங்களுக்குப் புரியும். அப்பாவுக்குப் பதினாறாம் நாள் காரியம். பந்தி நடக்குது. எங்க மாமா ஒருத்தரு, சும்மா இருக்க மாட்டாம, வண்டிய இனிமே யாருப்பா ஓட்டப்போறதுன்னு கேட்டாரு. இவன் சாம்பார் வாளியோட நிக்கிறான். நின்னுக்கிட்டே சொல்றான், "அண்ணன் ஏறி உக்காந்தா வண்டி அழுவும் மாமா." பந்தியே சிரிச்சுது. என் சொந்த மாப்புள்ள சார், நான் பொண்ணு குடுத்த மாப்புள்ள, அவரும் வாயில சோத்த வச்சுக்கிட்டு சிரிச்சாரு. நான் இலைய மூடிட்டு எழுந்திரிச்சவன்தான். அன்னிலேர்ந்து மாணிக்கம் மூஞ்சியப் பாத்து நான் ஒரு வார்த்தை பேசினதில்ல. அவனும் பேசல. வண்டி அழுவுமாம். எவன் அழுவுறான்னு பாக்குறேன்டா அப்புடின்னு அன்னிக்கு மனசுல எழுதி வச்சுக்கிட்டேன்.

இப்ப பெடல் கதைக்கு வர்றேன். எடது கால்கிட்ட இருக்கிறதுதான் கிளட்ச் பெடல். அத மிதிச்சா இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் இருக்குற புடி விட்டுடும், கால எடுத்தா திரும்பப் புடிக்கும். நடுவுல இருந்து அந்தப் புடியக் குடுக்கிறதுதான் இந்தா, இந்த பிளேட்டு. மாணிக்கம் முறை முடிஞ்சு வண்டி என்கிட்ட வரும்போதெல்லாம் பாப்பேன், பெடல்ல கால வச்சா ரெண்டு விரக்கடை, அதாவது ரெண்டு விரல் அகலம், சும்மா இறங்கும். லொடலொடன்னு. அதுக்கு அப்புறந்தான் கனம் தெரியும். ஒரு தடவை ரெண்டு தடவை இல்ல, ஒவ்வொரு தடவையும் அப்புடித்தான். என்ன அர்த்தம்? உள்ள தேச்சு வச்சிருக்கான்னு அர்த்தம். பதினஞ்சு நாளு ஓட்டித் தேச்சுட்டு, லொடலொடத்த வண்டிய நம்ம தலையில கட்டுறான்.

நான் சும்மா இருப்பேனா? பெடலுக்கு அடியில ஒரு ராடு போவும், அதுல ஒரு நட்டு இருக்கும். ஸ்பேனரப் போட்டு நல்லா முறுக்கிடுவேன். பெடல் விறைப்பா நிக்கும். கால வச்ச உடனே கனம் தெரியணும் சார், அதுதான் வண்டி. முறுக்கி, ஜம்முன்னு ஓட்டி, பௌர்ணமிக்கு நிறுத்துவேன். அமாவாசைக்கு திரும்ப எடுத்தா பழையபடி ரெண்டு விரக்கடை லொடலொடா. நான் முறுக்குறதும் அவன் தளத்துறதுமா வருசக்கணக்கா இதே பொழப்பு. ஒரு வார்த்தை சொல்லிக்கிட்டது கிடையாது. ஆனா ஒருத்தன் கையி இன்னொருத்தன் கையோட அந்த நட்டுல மல்லுக்கட்டிக்கிட்டுத்தான் இருந்துச்சு.

என் ஓட்டப் பத்தி நானே சொல்லிக்கக் கூடாது. ஆனா எங்க ஊர்ல கேட்டுப் பாருங்க. வண்டியில ஏறுனா எடது கால் பெடலுக்குப் போனா போனதுதான், சாயங்காலம் இறங்குற வரைக்கும் எடுக்க மாட்டேன். எப்ப என்ன வரும்னு யாரு கண்டா? வரப்பு வரும், ஆடு குறுக்க ஓடும். கால் தயாரா இருக்கணும். சில பேரு கால கீழப் போட்டுக்கிட்டு மாமியா வீட்டுல உக்காந்திருக்க மாதிரி உக்காந்து ஓட்டுவானுவ. மாணிக்கம் அப்புடித்தான் ஓட்டுவான். அவனுக்கு வண்டி மேல கவனமே கிடையாது.

இந்த வருசம் புரட்டாசி. வளர்பிறை, என் முறை. சேத்துல புதையாம இருக்க கேஜ் வீலுன்னு இரும்புச் சக்கரத்த மாட்டி சேத்துழவு ஓட்டிக்கிட்டிருக்கேன். வரப்பு ஏறும்போது இன்ஜின் கத்துது, வண்டி நவுரல. லேசா வாடை வேற. நான் ஒண்ணும் தெரியாதவன் இல்ல சார். களத்துக்குக் கொண்டாந்து சோதிச்சேன். டாப் கியரப் போட்டு, பிரேக்க அழுத்தி மிதிச்சுக்கிட்டு, கிளட்ச மெல்ல விடணும். இன்ஜின் செத்துடுச்சுன்னா கிளட்ச் உசுரோட இருக்கு. சாவாம ஓடிக்கிட்டே இருந்தா கிளட்ச் சாவுதுன்னு அர்த்தம். அன்னிக்கு இன்ஜின் சாவல. கொட்டகையில நின்னுக்கிட்டு தடதடன்னு ஓடுது. சரி, இதுக்கு ஆயுசு இன்னும் கொஞ்ச நாளுதான்னு கணக்குப் பண்ணிட்டேன்.

அப்பத்தான் சார் எனக்கு அந்த யோசனை வந்துச்சு. சொன்னா நீங்க தப்பா நெனைக்கக் கூடாது. பௌர்ணமி கிட்ட வந்துட்டுது. மேலத்துண்டு வயல் ஒண்ணுதான் எனக்கு உழவு பாக்கி. அத ஓட்டுனா என் முறையிலேயே பிளேட்டு போயிடும். ஓட்டாம நிறுத்திட்டா? அவன் முறையில எரியும். ஊரே நடவுல இருக்கும்போது அவன் வயல் நடுவுல வண்டி நின்னு பொகையும். எவன் கையில வண்டி அழுவுதுன்னு நாலு பேரு பாப்பாங்க, என் மாப்புள்ளையும் கேள்விப்படுவாரு. நெனைச்சப்பவே எனக்கு வயிறு குளுந்து போச்சு. மேலத்துண்ட அப்புடியே போட்டுட்டு, பௌர்ணமிக்கு மொத நாளே வண்டியக் கழுவி, நட்ட இன்னும் ஒரு சுத்து இறுக்கி, கொட்டகையில நிறுத்திட்டேன். பொட்டு வைக்காத கொறைதான், அப்புடி ஜோடிச்சு நிறுத்துனேன்.

வீட்டுக்காரி கேட்டா, மேலத்துண்டு என்னாச்சு, நாத்து தயாரா நிக்குதேன்னு. இருக்கட்டும்டின்னேன்.

மறுநாள் அவன் எடுத்தான். ஏறுறதுக்கு முன்னாடி அடியில படுத்துக்கிட்டு எதையோ குடைஞ்சான். வழக்கம்போல தளத்துறான்னு தெரியும். குடைடா குடைன்னு மோட்டார் கொட்டகையில உக்காந்து பாத்துக்கிட்டிருந்தேன். வயல்ல இறக்குனான். ஒரு சாலு போனான், ரெண்டு சாலு போனான். பொகை வரல. மறுநாளும் வரல. என் சோத்த அங்கேயே கொண்டாரச் சொல்லிட்டேன். கண்ண எடுத்தா அந்த நேரம் பொகைஞ்சுடுமோன்னு பயம். அந்தப் பய கால கீழப் போட்டுக்கிட்டு, சினிமாப் பாட்டு பாடிக்கிட்டு, ஒவ்வொரு வயலா அடிச்சு முடிக்கிறான். வரப்பெல்லாம் ஏறுது சார் அந்த வண்டி. என் கையில கத்துன வண்டி அவன் கையில பூனை மாதிரி போவுது. எனக்கு வயிறு எரியுதா இல்லியா, நீங்களே சொல்லுங்க.

வீட்டுக்காரி ஒரு நா சோத்துச் சட்டிய வச்சுட்டு சொன்னா, உங்க தம்பி வண்டி பொகையுதா பொகையுதான்னு பாத்து நம்ம நாத்து பழுத்துப் போச்சு, இன்னும் தள்ளி நட்டா வேரு புடிக்கிறதுக்குள்ள ஐப்பசி மழை வந்து முழுக அடிச்சுடும், வேற வண்டியாவது கூப்புட்டு உழுதுடுங்கன்னு. வேற வண்டிய இறக்குனா ஊரு என்ன பேசும்? வீட்டுல வண்டிய வச்சுக்கிட்டு இந்த வைத்திலிங்கம் வெளி வண்டி கூப்புடுறான்னு பேசும். வாய மூடுன்னுட்டேன். மாணிக்கம் கூட ஒரு நா என் நாத்தங்கால் பக்கமா வந்தவன் இன்ஜின நிறுத்திட்டு, நாத்தையும் மேலத்துண்டையும் மாத்தி மாத்திப் பாத்துக்கிட்டு நின்னான். என் கொட்டகைப் பக்கம் ரெண்டு அடி வச்சான். நான் முதுகக் காட்டி உக்காந்தேன். போயிட்டான். வேடிக்கை பாக்க வந்திருக்கான், வேற எதுக்கு வருவான்?

அமாவாசை வந்துச்சு. அவன் நடவு முடிஞ்சு, பச்சை கட்டி நிக்குது. சாவி ஆணியில தொங்குது. வண்டியில ஏறி கால வச்சேன், ரெண்டு விரக்கடை லொடலொடா. எனக்கு வந்த ஆத்திரம் இருக்கே. தன் வயல முடிச்சுக்கிட்டு, எல்லாத்தையும் தேச்சுட்டு, சாவப்போற வண்டிய கரெக்டா என் முறைக்கு நிறுத்திட்டுப் போயிருக்கான். நான் அவனுக்குப் பண்ண நெனைச்சத அவன் எனக்குப் பண்ணிட்டான். என்ன ஒரு வஞ்சகம் பாத்தீங்களா? ஸ்பேனர எடுத்து, மரை தீருற வரைக்கும் முறுக்குனேன்.

மேலத்துண்டுல இறக்குனேன். நடவாளுங்க எல்லாம் வரப்புல காத்துக்கிட்டு நிக்கிறாங்க, நாத்துக் கட்டெல்லாம் வேற கொண்டாந்து போட்டாச்சு. காஞ்சு திரும்ப நனைஞ்ச மண்ணு, நல்ல ஆழம். ரெண்டாவது சாலுலேயே வண்டி திணறுது. இன்ஜின் கத்துது, சக்கரம் நவுரல. நான் ஆக்சிலேட்டரக் கூட்டுனேன். காலுக்கு அடியிலேர்ந்து பொகை. முதல்ல நூலு மாதிரி வந்துச்சு, அப்புறம் ஊதுவத்தி கட்டோட கொளுத்துன மாதிரி வருது.

அப்பத்தான் பாக்குறேன், மாணிக்கம் ஓடியாறான். வரப்புல சுத்தி வரல சார், குறுக்க இறங்கி ஓடியாறான். அவன் புதுசா நட்ட வயலு. சொந்த நாத்த சேத்தோட மிதிச்சுக்கிட்டு வர்றான். கையத் தூக்கிக் கத்துறான்.

"அண்ணே, கால எடு. பெடல்லேர்ந்து கால எடுண்ணே."

அப்பா காரியத்துக்கு அப்புறம் அவன் வாயிலேர்ந்து வந்த முதல் பேச்சு அது. அண்ணேன்னு கேட்டதும் எனக்கு என்னமோ ஆயிடுச்சு, ஒரு நொடி, பொய் சொல்லல. கண்ணு கூட கலங்குன மாதிரி இருந்துச்சு, பொகையாவும் இருக்கலாம். அடுத்த நொடியே உறைச்சுது. அத்தனை நடவாளுங்க முன்னாடி, எனக்கு வண்டி ஓட்டச் சொல்லிக் குடுக்கிறான். இத்தனை காலத்துக்கு அப்புறம் வாயத் தொறந்தவன், எப்புடி இருக்கேன்னு கேட்டானா? கால எடுன்னு அதிகாரம் பண்றான். அவன் எடுன்னு சொன்னதுக்காகவே நான் எடுக்கல. இன்னும் கொஞ்சம் அழுத்தி வச்சுக்கிட்டு, ஆக்சிலேட்டர முழுசாக் கூட்டுனேன். டப்புன்னு ஒரு சத்தம். அவ்வளவுதான். இன்ஜின் மட்டும் தனியா ஓடிக்கிட்டிருக்கு, வண்டிக்கும் அதுக்கும் சம்பந்தம் அத்துப்போச்சு. மாணிக்கம் வரப்புல நின்னு தலையில கைய வச்சுக்கிட்டான். நடிப்பு சார். ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கிற மாதிரி நின்னான்.

வண்டியக் கட்டி இழுத்து மன்னார்குடி கொண்டாந்து சவரிமுத்து பட்டறையில விட்டோம். சவரிமுத்து பெரிய வாய்க்காரன், அந்தக் காலத்துலேர்ந்து எங்க வண்டியப் பாக்குறவன். வண்டிய ரெண்டாப் பிரிச்சு இத எடுத்துப் போட்டான். பாருங்க, வேட்டிய நீக்கிக் காட்டுறேன். இந்த ஓரத்துல இருக்கணும் தடிமனா ஒரு வில்லை, சுத்திலும். ஒண்ணும் இல்ல. ஆணி மொட்டு வெளிய வந்து பளபளக்குது. வண்டியில இது ஒட்டிப் புடிக்கிற சக்கரம், ஃப்ளைவீலு, அதுவும் சூட்டுல நீலம் பாரிச்சுக் கெடக்கு. சவரிமுத்து பாத்துட்டு சொல்றான், இது ஓட்டித் தேஞ்சது இல்ல, காலாலயே தேச்சதுன்னு. பெடல்ல அந்த ரெண்டு விரக்கடை ஆட்டம் இருந்துக்கிட்டேதான் இருக்கணுமாம். தேயத் தேய அது கொறையுமாம், அதிகமாவாதாம். அத முறுக்கி இல்லாம பண்ணிட்டா யாரும் மிதிக்காமலே பாதி மிதிச்ச மாதிரியாம், பிளேட்டு புடிக்காம வழுக்கி வழுக்கி எரியுமாம். அதுக்கு மேல காலையும் வச்சிருந்தா சொல்லவே வேணாமாம். நடுவுல யாரோ சரியா தளத்தித் தளத்தி வச்சதாலதான் இது இத்தனை வருசம் தாங்கியிருக்குன்னு வேற சொல்றான். யாருண்ணே உங்க வீட்டுல பெடல்ல கால வச்சுக்கிட்டே ஓட்டுறதுன்னு என்னையே கேக்குறான்.

மாணிக்கத்தத் தவிர யாருன்னேன். சவரிமுத்து கையத் தொடச்சுக்கிட்டான். மாணிக்கம் அவனுக்கு டீ கீ வாங்கிக் குடுத்திருப்பான், அதான் தளத்துறது நல்லதுன்னு சொல்றான். ஆனா ஒரு விஷயம் நல்லா சொன்னான் சார், காலால தேச்சதுன்னு. அது போதும் எனக்கு.

ஏன் சிரிக்கிறீங்க? நானும் கால வைக்கிறேன்னா? சார், வச்சிருக்கிறது வேற, மிதிக்கிறது வேற. நான் வச்சிருக்கேன். அவ்வளவுதான். கைய தோள்ல போட்டா அடிச்சதா ஆயிடுமா?

அக்காவுக்கு போன் பண்ணேன். அக்கா, ஒரேடியா இத முடிச்சு விட்டுடு, எவன் கால் வண்டியக் கெடுத்துச்சோ அவன் இனிமே வண்டியத் தொடக் கூடாதுன்னேன். அக்கா எப்புடிடா கண்டுபுடிக்கிறதுன்னு கேட்டுச்சு. அதையும் நான்தான் சொன்னேன். எங்க அத்தான்கிட்ட ஒரு வண்டி இருக்கு. அத களத்துல நிறுத்தி, நாங்க ரெண்டு பேரும் ஆளுக்கு நாலு சுத்து ஓட்டணும். சவரிமுத்து பக்கத்துல நின்னு, எங்க எடது காலப் பாக்கணும். பாத்துட்டு அவன் சொல்றதுதான் தீர்ப்பு. அவன் இந்நேரம் பைக்குல போயிருப்பான். மாணிக்கமும் காலையிலேயே போயிட்டானாம். எப்புடி என் யோசனை?

என்ன சார், கீழயே பாத்துக்கிட்டிருக்கீங்க? என் காலா? ஓ, முன் சீட்டுக் கம்பிய மிதிச்சுக்கிட்டு இருக்கேனா. அது அப்புடித்தான், எங்க உக்காந்தாலும் எதையாவது மிதிச்சுக்கிட்டேதான் இருக்கும். சினிமாக் கொட்டகையில கூட முன்னாடி இருக்கிறவன் திரும்பித் திரும்பிப் பாப்பான். என்ன இப்ப? கம்பி தேஞ்சா போயிடும்?

மிச்சத்தையும் கேளுங்க. அக்காகிட்ட இன்னும் ஒரு நிபந்தனை போட்டேன். தோத்தவன் வாடகைக்கு வெளி வண்டி இறக்கக் கூடாது. அவன் பாட்டுக்கு ஒரு வண்டியக் கூப்புட்டு உழுதுட்டுப் போனா, நான் ஜெயிச்சதுக்கு என்ன அர்த்தம்? உழவு வேணும்னா, ஜெயிச்சவன் வாசல்ல வந்து நின்னு, வாயத் தொறந்து, வண்டிய குடுன்னு கேக்கணும். பொண்டாட்டி புள்ளைய அனுப்பக் கூடாது, ஆள் சொல்லி விடக் கூடாது. அவனே வரணும். அக்கா, நல்லா யோசிச்சுத்தான் சொல்றியாடான்னு ரெண்டு தடவை கேட்டுச்சு. யோசிச்சுட்டேன், அப்பா படத்து மேல சத்தியம் வாங்கிக்க ரெண்டு பேருகிட்டயும்னேன். போன்லயே வாங்கிடுச்சு. மாணிக்கம் என்ன சொன்னான்னு கேட்டேன். அண்ணன் சொன்னா சரிதான்னானாம். வேற என்ன சொல்ல முடியும் அவனால?

என் மேலத்துண்டு இன்னும் அப்புடியேதான் கெடக்கு. பறிக்காத மிச்ச நாத்து முழங்காலத் தாண்டிடுச்சு. சவரிமுத்து புது பிளேட்டப் போட்டு வண்டியத் தயாராத்தான் வச்சிருக்கான். இன்னிக்குத் தீர்ப்பு வந்தா நாளைக்கு விடிகாலையில இறக்கி அடிச்சு நட்டுடலாம். மழைக்கு முன்னாடி தப்பிச்சுக்கும். அதுக்கு மேல ஒரு நாளு தள்ளுனா இந்த வருசம் சோறு இல்ல. வீட்டுக்காரி நேத்து ராத்திரி சாப்புடல.

மாணிக்கத்த நெனைச்சா பாவமாத்தான் இருக்கு. தைக்கு அப்புறம் உளுந்துக் கொல்லைக்கு அவனுக்கும் வண்டி வேணும். வரட்டும். எங்க வாசல்ல வந்து நிக்கட்டும். உடனே குடுக்க மாட்டேன். கயித்துக் கட்டில்ல உக்காந்துக்கிட்டு, காது கேக்காத மாதிரி இருப்பேன். இன்னொரு தடவை கேப்பான். அண்ணேன்னு கூப்புட்டு ஒரே ஒரு தடவை வாய் தொறந்து கேட்டான்னா, மறுபேச்சு இல்லாம சாவியத் தூக்கிக் குடுத்துடுவேன் சார். ஏன் குடுக்காம, கூடப் பொறந்தவன்தானே. கேக்குறதுல அவனுக்கு என்ன கொறைஞ்சு போயிடப் போவுது?

வடுவூர் வந்துடுச்சு, கொஞ்சம் காலத் தூக்குங்க, மூட்டைய எடுத்துக்கிறேன். என்ன கேட்டீங்க? தோத்தது நானா இருந்தா, போய்க் கேப்பேனான்னா?

நானா? அவன் வாசல்லயா? வயல் கருகுனாலும் சரி, செத்தாலும் கேக்க மாட்டேன்.